வகைப்பிழை

ஹரீஷ்குமாருக்கு மாற்றம் என்றாலே ஆகாது. ஆட்கள் மாறலாம், ஆட்சி மாறலாம், ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும் வழி மாதம் ஒருமுறை மாறலாம். புரோகிராமுக்குள் மட்டும் எதுவும் மாறக் கூடாது. ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். அதை நடுவழியில் திருத்துகிறவர்களைப் பற்றிப் பேசும்போது அவன் குரலில் ஓர் அருவருப்பு வரும். மற்ற வீடுகளில் மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்தவனைப் பற்றித்தான் அப்படிப் பேசுவார்கள்.

அவன் எழுதுவது ஹாஸ்கெல் என்கிற ஃபங்ஷனல் மொழியில். அதில் எல்லாமே ஃபங்ஷன். உள்ளே ஒன்றைக் கொடுத்தால் வெளியே ஒன்று வரும். நடுவில் அக்கம்பக்கத்தில் எதையும் தொடாது, தட்டாது, யாரையும் தொந்தரவு செய்யாது. அப்படித் தொட்டுவிட்டால் அதற்குப் பக்கவிளைவு என்று பெயர். பக்கவிளைவு இல்லாதது சுத்தமான ஃபங்ஷன். சுத்தத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவன் தான் குடித்த டீ டம்ளரைக் கழுவி வைத்ததாக வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

எந்தப் பிரச்சினைக்கும் அவனிடம் ஒரு ஃபங்ஷன் இருந்தது. அவர்கள் குடியிருந்த அபார்ட்மெண்டில் ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் மோட்டாரை யார் போடுவது என்று ஓயாத சண்டை. ஹரீஷ்குமார் சில வரிகளில் தீர்த்தான். தண்ணீர் வராத நாட்களை வடிகட்டி, மீதி நாட்களை வீடுகளோடு கோத்து, இன்றைக்கு யார் முறை என்று பிசகாமல் சொல்லும் ஃபங்ஷன். முதல் நாள் அது அவனுடைய வீட்டைச் சொன்னது. சரியாகச் சொல்லியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்துக்கொண்டான். மோட்டாரை யாரும் போடவில்லை. அபார்ட்மெண்ட் முழுக்க அன்று லாரித் தண்ணீர் வாங்கியது.

பெங்களூரில் அவன் வேலை பார்த்த கம்பெனியின் புரோகிராமில் ஒரு பிழைகூட இருந்ததில்லை. வாடிக்கையாளரும் இருந்ததில்லை. கம்பெனியை மூடியதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓசூருக்கே வந்துவிட்டான்.

வேலை போன நேரம் பார்த்து அவனுக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருந்தது. பெண் தயார். பிரவீனா, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் லேப் வேலை பார்க்கிறவள். உள்ளே வரும் ஒவ்வொரு லோடிலிருந்தும் சில காய்களை எடுத்து அறுத்து, இனிப்பு எவ்வளவு என்று அளந்து சொல்ல வேண்டும். இரண்டு வருடக் காதல். அவன் பெங்களூரிலும் அவள் இங்கேயும் இருந்ததால் முக்கால்வாசி போனில்தான். தடையாக இருந்தவர் அவளுடைய அப்பா வெங்கடப்பன். வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருப்பவர். பையனின் குடும்பம் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து சிப்காட் வேலைக்கு வந்த குடும்பம், போதாததற்கு இப்போது பையனுக்கு வேலையும் இல்லை.

“ஜாதகம் கீதகம் எல்லாம் அப்புறம். அவன் என்னா வேலை செய்யறான்னு என் கண்ணால பாக்கணும். பாத்துட்டுத்தான் சொல்லுவன்” என்று வெங்கடப்பன் மகளிடம் சொல்லிவிட்டார். அப்பா சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை என்று பிரவீனாவும் ஹரீஷ்குமாரிடம் சொல்லிவிட்டாள். ஆகவே அவன் ஒரு வேலை செய்தாக வேண்டும், அதுவும் அவர் கண்ணில் படும்படி.

வேலையையும் பிரவீனாவே பிடித்துக் கொடுத்தாள். அவளுடைய முதலாளி அண்ணாதுரைக்குச் சீசன் வந்தால் ஒரே தலைவலி. மாங்காய் லாரிகள் கேட்டிலிருந்து ஹைவே வரை வரிசை கட்டி நிற்கும். போலீஸ் வந்து திட்டும். உள்ளே வருகிற லாரி எது, கூழ் டிரம் ஏற்றிக்கொண்டு வெளியே போகிற லாரி எது என்று தெரியாமல் கேட்டில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். இதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள வேண்டும், மனிதர்கள் தலையிடக் கூடாது என்பது அண்ணாதுரையின் ஆசை. மனிதர்கள் தலையிடக் கூடாது என்ற வார்த்தையைக் கேட்டதும் ஹரீஷ்குமாருக்கு உடம்பு புல்லரித்தது.

அவனிடம் பழைய விவரங்களைக் கொடுத்தார்கள். கேட்டில் நிற்கும் முனிராஜ் மூன்று சீசனாக ஒவ்வொரு லாரிக்கும் ஒரு வரி தட்டி வைத்திருந்தார். ஊர், ஆள் பெயர், அப்புறம் மூன்றாவதாக ஒரு சொல். ‘பேரிகை கெம்பம்மா நீலம்’ என்று ஒரு வரி இருக்கும். ‘கிருஷ்ணகிரி ஜெயமணி சென்னை’ என்று அடுத்தது இருக்கும். ஹரீஷ்குமார் ஒரே பார்வையில் விஷயத்தைப் பிடித்துவிட்டான். மூன்றாவது சொல் மாங்காயின் பெயராக இருந்தால் லாரி உள்ளே வருகிறது. ஊரின் பெயராக இருந்தால் வெளியே போகிறது. நீலம், செந்தூரா, அல்போன்சா எல்லாம் மாங்காய். சென்னை, கொச்சி, பெங்களூர் எல்லாம் ஊர். இரண்டே வகை. இந்த அழகை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் புரிகிற ஆள் அந்த மாவட்டத்தில் இல்லை என்று தானே முடிவு செய்துகொண்டான்.

ஒரே ஒரு சிக்கல். முனிராஜ் ஆயிரக்கணக்கான வரிகளில் ‘பெங்களூரா’ என்று தட்டியிருந்தார்.

கிருஷ்ணகிரியில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட அது ஒரு மாங்காய் என்று தெரியும். கூழுக்குப் போகும் காயில் பெரும்பாலானது அதுதான். ஓசூரில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியாதா என்றால், தெரியாது. அவன் வீட்டில் சாத்தூர் வழக்கப்படி அதற்குக் கிளிமூக்கு என்று பெயர். பெங்களூர் ஆபீசில் உப்பு மிளகாய்த் தூள் போட்டுத் தின்றபோது அதற்குத் தோத்தாபுரி என்று பெயர். மூன்று பெயர் உள்ள காயைத் தின்று வளர்ந்தவன் இரண்டு பெயரோடு நின்றுவிட்டான்.

முனிராஜின் தட்டச்சில் பிழை அதிகம் என்பது ஊரறிந்தது. ஆகவே அவர் பெங்களூர் என்பதற்கு ஒரு கால் அதிகமாகப் போட்டுவிட்டார் என்று ஹரீஷ்குமார் கண்டுபிடித்தான். அந்தக் காலை எடுத்துவிட்டுப் புள்ளி வைக்க ஒரு ஃபங்ஷன் எழுதினான். அதற்குக் ‘காலை வெட்டு’ என்று பெயரும் வைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டான். இப்போது கணக்குப் பார்த்தால், உள்ளே கொஞ்சமே கொஞ்சம் மாங்காய் வருகிறது, வெளியே அதைப்போல் பல மடங்கு சரக்கு பெங்களூருக்குப் போகிறது. இதைப் பார்த்தும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. அண்ணாதுரை சார் கெட்டிக்காரர், தண்ணீர் நிறையச் சேர்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தான்.

அவனுக்குக் கொடுத்திருந்த ஆபீஸ் அறையின் ஜன்னலைத் திறந்து ‘முனிராஜ் அண்ணே, பெங்களூரான்னா என்ன’ என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கேட் கூப்பிடு தூரம்தான். ஆனால் இன்னொரு மனிதனைக் கேட்பது பெரிய பக்கவிளைவு. எழுதியதைச் சரிபார்த்துச் சொல்லும் கம்பைலரைக் கேட்டான். வகைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, பிழை எதுவும் இல்லை என்று அது சொன்னது. கம்பைலர் மாங்காய் தின்றதில்லை.

புரோகிராம் ஓடத் தொடங்கும் நாளை அண்ணாதுரை கோயில் கும்பாபிஷேகம் மாதிரி ஏற்பாடு செய்திருந்தார். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம் பழம் நசுக்கினார்கள். முதல் லோடு வெங்கடப்பனுடையதாக இருக்கட்டும் என்று பிரவீனா சொல்லி வைத்திருந்தாள். அவரும் தோப்பில் அந்த வாரம் பறித்த காய் முழுவதையும் ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி சட்டை. லாரியை டிரைவர் மாதேஸ்வரனிடம் விட்டுவிட்டு, மருமகனாக வரப் போகிறவனை ஆராய நேராக ஆபீசுக்குள் போனார்.

கேட்டில் முனிராஜ் வழக்கம்போல ‘வேப்பனப்பள்ளி வெங்கடப்பன் பெங்களூரா’ என்று தட்டினார். இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது. ‘வெளியே செல்க. சேருமிடம்: பெங்களூர்.’ முனிராஜ் அதை இரண்டு தரம் படித்தார். கம்ப்யூட்டர் சொல்வதைச் செய், சொந்த மூளையைக் கொண்டுவந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று அண்ணாதுரை காலையில்தான் எல்லார் முன்னாலும் கத்தியிருந்தார். மூன்று சீசனாக வாங்கிய திட்டுக்கெல்லாம் சேர்த்து முனிராஜ் அன்றைக்குச் சொன்னபடி கேட்பது என்று முடிவெடுத்தார். சீட்டை மாதேஸ்வரனிடம் நீட்டினார். இங்கே இடமில்லை, பெங்களூரில் வேறு எங்கோ இறக்கச் சொல்கிறார்கள் என்று மாதேஸ்வரன் நினைத்தான். தூரம் கூடினால் படி கூடும். கேள்வி கேட்காமல் வண்டியைத் திருப்பினான். பின்னாலேயே அடுத்த லாரி, அதற்கும் அதே சீட்டு. அன்று வந்த லோடெல்லாம் பெங்களூராதான்.

ஆபீஸ் அறையில் காபி வந்தது. வெங்கடப்பன் தொடங்கினார்.

“என்னாப்பா வேலை செய்யற நீ? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“மாமா... சார்... உள்ள ஒண்ணு கொடுத்தா, அதுக்கேத்தத வெளிய கொடுக்கும். நடுவுல எதுவும் கெடாது.”

“எங்க ஊட்டு கிரைண்டரும் அதைத்தான செய்யுது.”

“இதுல எதுவுமே மாறாதுங்க சார். அதான் விசேஷம்.”

“மாங்கா மாறுமே. இன்னிக்குக் காயி, நாலு நாள் போனா பழம்.”

“அது மாறலைங்க. பழம்ங்கறது புதுசா ஒண்ணு. பழைய காய் அப்படியே இருக்குன்னு வெச்சுக்கணும்.”

“எங்க இருக்குது?”

ஹரீஷ்குமார் மெமரி, அதன் பகிர்வு, அதைச் சுத்தம் செய்யும் முறை என்று நீண்ட விளக்கம் கொடுத்தான். வெங்கடப்பன் காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி பொறுமையாகக் கேட்டார். பையன் கோணலாகப் பேசுகிறான், ஆனால் பொய் பேசவில்லை, பெண்ணை வைத்துக் காப்பாற்றுவான் என்று அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. அது முகத்திலும் தெரிந்தது. ஹரீஷ்குமாருக்கு அது தெரிந்ததும் இன்னும் வேகமாகப் பேசினான்.

அப்போது அண்ணாதுரை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பல்.

“தம்பி! கேட்ல போய்ப் பாரு! ஒரு லாரி இல்ல! சீசன்ல இப்பிடி ஒரு காட்சிய நான் பாத்ததே இல்ல! ஏங்க வெங்கடப்பன், தங்கமான பையங்க. யோசிக்காதீங்க.”

மூவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஹைவே வரைக்கும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வெங்கடப்பன் அசந்துபோனார். அண்ணாதுரை ஹரீஷ்குமாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பின்னால் பிரவீனா, தலையில் லேப் தொப்பியும் கையில் காலி ட்ரேயுமாக வந்து நின்றாள்.

“சார், சாம்பிளுக்கு ஒரு காய்கூட வரல. அறுக்கற அம்மாங்க எல்லாம் கத்திய வெச்சுட்டு உக்காந்து கதை பேசறாங்க. மெஷின் சும்மா ஓடுது. லாரியெல்லாம் எங்க?”

“எங்க வண்டி முதல்ல வந்துதே” என்றார் வெங்கடப்பன்.

ஹரீஷ்குமார் திரையைப் பார்த்தான். “உங்களுதுதான் சார் முதல்ல போயிருக்கு.”

“எங்க போச்சு?”

“பெங்களூருக்கு.”

“அது பெங்களூரா.”

“ஆமா சார், பெங்களூர்.”

“பெங்களூரா தான்ப்பா ஏத்திக்கினு வந்தேன்!”

“அதான் சார், அங்கதான் போய்க்கிட்டிருக்கு.”

பிரவீனாவின் கையிலிருந்த ட்ரே கீழே விழுந்தது.

அடுத்த அரை மணி நேரம் எல்லாரும் ஒரே நேரத்தில் போனில் கத்தினார்கள். வெங்கடப்பன் மாதேஸ்வரனைப் பிடித்து, “ஒரேய், எக்கட உன்னாவுரா?” என்று தெலுங்கில் ஆரம்பித்து, கன்னடத்தில் திட்டி, தமிழில் கெஞ்சினார். மாதேஸ்வரன் சூளகிரியைத் தாண்டி ஒரு டீக்கடையில் நின்றிருந்தான். சீட்டில் பெங்களூர் என்று போட்டிருக்கிறது, திரும்ப வேண்டுமானால் வேறு சீட்டு வேண்டும், வழியில் எவனாவது பிடித்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஹரீஷ்குமார் புதுச் சீட்டு அடிக்க உட்கார்ந்தான். அவனுடைய புரோகிராம் மறுத்துவிட்டது. வெளியே போகிற வகை லாரி உள்ளே வருகிற வகை லாரி ஆக முடியாது என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. அதை எழுதியபோது அவன் ரொம்பப் பெருமைப்பட்டிருந்தான். கடைசியில் அண்ணாதுரை ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் ‘திரும்பி வா’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து எல்லா டிரைவர்களுக்கும் அனுப்பினார்.

பிறகு அண்ணாதுரைக்கு ஹரீஷ்குமாரைத் திட்ட நேரம் கிடைத்தது. தங்கமான பையன் கொஞ்ச நேரத்தில் பல பெயர்களுக்கு மாறினான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஹரீஷ்குமார் ஒன்றே ஒன்று சொன்னான்.

“புரோகிராம்ல தப்பு இல்ல சார். கொடுத்த தகவல்லதான் தப்பு.”

“என்னா தப்பு? அது பேரே பெங்களூரா தான்” என்றார் சத்தம் கேட்டுக் கேட்டிலிருந்து வந்து நின்ற முனிராஜ்.

ஆச்சரியம் என்னவென்றால் வெங்கடப்பனுக்குக் கோபம் தணிந்துவிட்டது. லாரி திரும்பி வருகிறது என்று உறுதியானதும் அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, துண்டால் துடைத்துக்கொண்டார். மாங்காயைப் பெங்களூராக்கிய கதையை வேப்பனப்பள்ளி முழுக்கச் சொல்லலாம் என்கிற சந்தோஷம் அவருக்கு.

“உடும்மா. தெரியாம செஞ்சுட்டான். பையன் கெட்டவனில்ல. பத்திரிகை அடிக்கறப்ப மட்டும் ஊர் பேர நானே பாத்துக்கறன். எனக்குச் சம்மதம்” என்று பிரவீனாவிடம் சொல்லிவிட்டு, லாரி வருகிறதா என்று பார்க்க வாசலுக்குப் போனார்.

ஹரீஷ்குமாருக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. திட்டு, லாரி, வேலை எல்லாம் மறந்துபோய் அவளைப் பார்த்துச் சிரித்தான். பிரவீனா சிரிக்கவில்லை. கீழே கிடந்த ட்ரேயை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“ஹரீஷ், பெங்களூரான்னா மாங்காய்னு உனக்கு இன்னிக்குத்தான் தெரியுமா?”

“ஆமா. எங்க வீட்ல கிளிமூக்குன்னுதான்...”

“உங்க வீட்ட விடு. நான் உங்கிட்ட எத்தனை வாட்டி சொல்லியிருக்கன்? தை மாசம் போன் பண்ணி, பெங்களூரா எல்லாம் பூ விட்டிருக்குதுன்னு சொன்னனே.”

ஹரீஷ்குமார் யோசித்தான். “லைன் சரியா கேக்கல. பெங்களூரான்னு நீ கேக்கறேன்னு நினைச்சேன். நான் அங்கதானே இருந்தேன்.”

“நீ ஆமா ஆமான்ன.”

“ஆமா.”

“போன வருஷம் பனியில பூவெல்லாம் கருகிடுச்சு. அப்பா சாப்பிடாம படுத்துட்டாரு. ‘பெங்களூரா போச்சுடா’ன்னு உங்கிட்டதான் அழுதன். நீ என்னா சொன்ன, ஞாபகம் இருக்குதா?”

அவனுக்கு ஞாபகசக்தி நன்றாகவே உண்டு. “கவலைப்படாத, திரும்பி வந்துரும்னு சொன்னேன்.”

“எது திரும்பி வரும்னு?”

“உங்கப்பா வண்டி.”

அவள் கண் கலங்கவில்லை. கலங்கியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“வண்டி பெங்களூர் போனதுக்கா ஒருத்தி அப்பிடி அழுவா? ஏன் அழற, என்னா ஆச்சுன்னு கேக்கத் தோணலயா உனக்கு?”

“கேக்கணும்னு நினைச்சேன்.”

“அந்த ஒரு வார்த்தைய ஒரு வருஷமா மனசுல வெச்சிருந்தன் நான். அப்பாகிட்டகூட போய்ச் சொன்னன். ஹரீஷ் சொல்லுது, பூ திரும்பி வந்துரும்னு சொல்லுதுன்னு. அதைக் கேட்டுத்தான் அவரு எழுந்து சாப்பிட்டாரு.”

இதுவரைக்கும் ஹரீஷ்குமாரைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது. இப்போது அவன் நின்ற நிற்பைப் பார்த்தால் சிரிப்பு வராது; இரக்கமும் முழுசாக வராது. இரண்டு வருடமாக அவள் பேசியிருக்கிறாள், அவன் பதில் சொல்லியிருக்கிறான், ஒவ்வொரு பதிலும் பொருத்தமாகவும் இருந்திருக்கிறது. ஒரு வார்த்தைகூட அவனுக்குள் போகவில்லை.

வாசலிலிருந்து வெங்கடப்பன் குரல் கொடுத்தார். “பிரவீ, வண்டி வந்துருச்சு! இன்னும் என்னா பேசிக்கினு இருக்கீங்க? அதான் சம்மதம்னு சொல்லிட்டனே!”

“எனக்குச் சம்மதமில்லப்பா” என்றாள் அவள், சத்தம் போடாமல்.

“இனிமே ஒவ்வொண்ணா கேக்கறேன் பிரவீனா. நிஜமா. முதல்ல இருந்து சொல்லு, எல்லாத்தையும் கேக்கறேன்” என்றான் ஹரீஷ்குமார்.

அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ட்ரேயை எடுத்தாள்.

“இன்னொரு வாட்டி முதல்ல இருந்து சொல்ல எனக்குத் தெம்பில்ல, ஹரீஷ்” என்று சொல்லிவிட்டு, லாரியிலிருந்து காய் எடுக்க வெளியே போனாள்.